புற்றுநோயாளர்க்கும் குடும்பத்தார்க்கும் ஓவிய வகுப்பு: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து

முன்னுரை

காசநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942இல் ‘கலைச் சிகிச்சை’ என்னும் சொல்லை ஆக்கினார். பின்னர் இம்முறை புற்றுநோயாளரிடமும் ஆராயப்பட்டது. 2006இல் வெளியான சிகாகோ ஆய்வொன்றில் 50 நோயாளர் ஒரு மணிநேரம் கலையில் ஈடுபட்டபின், வலி, சோர்வு, பதற்றம் உள்ளிட்ட 9 அறிகுறிகளுள் 8 தணிந்தன. குமட்டல் மட்டும் மாறவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாமையால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் இயலாது. கலை நோயைக் குணப்படுத்துவதில்லை. நோயோடு கழியும் நாளை இலகுவாக்கலாம். அத்தகைய வகுப்பு சேலம், நாமக்கல் சமவெளியில் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கோலமும் கரையும்

‘எனக்கு வரையத் தெரியாது’ என்னும் தயக்கமே முதல் தடை. ஆனால், நாள்தோறும் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிட்டவர்க்குச் சமச்சீரும் இடைவெளியும் கைவந்தவை. இளம்பிள்ளை, இராசிபுரம் பகுதி நெசவாளர்க்குக் கரையும் புட்டாவும் பழகிய வடிவங்கள். இவற்றிலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம். குனிய இயலாதவர் மேசைமேல் தாளில் கோலமிடலாம்.

உடன் வரும் குடும்பத்தாரைப் பார்வையாளராக இருத்தாமல் வரையச் செய்தல் வேண்டும். ஒருவர் புள்ளி வைக்க, மற்றவர் கோடிழுக்கலாம். மாத்திரை, உணவு, செலவு எனச் சுருங்கிவிட்ட பேச்சிற்கு அப்பால் இருவர்க்கும் பொதுவானதொரு வேலை அங்குக் கிடைக்கிறது. வாசற்கோலத்தை மகளிடம் விட்டுவிட்ட தாய் மீண்டும் கற்றுத் தருபவர் ஆகிறார்.

உடல்நிலைக்கேற்ற ஏற்பாடு

வேதிச்சிகிச்சைக்குப்பின் பெரும்பாலும் 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகக் குறையும். அப்போது மருத்துவர் இசைவின்றிக் குழு வகுப்பில் சேர்த்தல் கூடாது. கிருமியும் பூஞ்சையும் இருக்கக்கூடிய பச்சைக் களிமண்ணும் ஆகாது. டர்பன்டைன் வாடை குமட்டலைத் தூண்டுமாதலால் நீர்வண்ணமே ஏற்றது. பாக்லிடாக்சல் போன்ற மருந்துகளால் விரல் மரத்தவர்க்குத் தடித்த பிடியுள்ள தூரிகை வேண்டும், கத்தரிக்கோல் தீங்காகலாம். நிற்க இயலாதவர்க்கோ அதுவே துணையாதலும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் புற்றுநோய் அறுவைக்குப்பின் நடமாட்டம் குன்றிய நிலையில், வண்ணத்தாளைக் கத்தரித்து ஒட்டும் முறையைத் தம் முதன்மைக் கலையாக்கினார்.

நிறைவுரை

இவ்வகுப்பில் மதிப்பெண்ணும் போட்டியும் வேண்டா. நோயைப் பற்றிப் பேசுமாறு வற்புறுத்தலும் தகாது. ஆழ்ந்த மனத்துயர் தென்படின் உளநல மருத்துவரிடம் அனுப்புதல் ஆசிரியர் கடமை. கையறிந்த வடிவில் தொடங்கி, உடல் தாங்கும் அளவில் நிறுத்துவதே இவ்வகுப்பின் நெறியாகும்.