பல்லாவரத்துக் கல்லும் கடலில் தேடிய கண்டமும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையம் பல்லாவரம். அங்கே படைப்பயிற்சி மைதானத்தில் தோண்டிப் போட்டிருந்த சரளைக்கு நடுவே, 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இருபுறமும் செதுக்கிய கைக்கோடாரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததை அறிஞர் உலகுக்கு முதலில் உணர்த்தியது அந்தக் கல்தான். மறு ஆண்டே லண்டனில் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர்கள் மடகாஸ்கரிலும் அவற்றின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் சொல்ல, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போன ஒரு கண்டத்தை ஊகித்தார். லெமூரியா என்று பெயரும் வைத்தார். அந்த ஊகம் குமரிக்கண்டமாகி மேடைகளிலும் பாடநூல்களிலும் ஏறிக்கொண்டது. ஃபுட் சேர்த்த கற்களோ எழும்பூர் அருங்காட்சியகத்தோடு நின்றுவிட்டன. இந்த மண்ணின் தொன்மைக்குக் கடலடியில் கண்டம் தேடத் தேவையில்லை. அதற்காகக் கையில் உள்ள கல்லை நம் இனப்பெருமைக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றவும் முடியாது.

உருண்டு மோதி உடைந்த கல்லை மனிதர் செதுக்கியது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி அன்றே இருந்தது. ஆற்றில் புரளும் கல் கண்ட இடத்தில் சிதறும். இதில் சில்லுகள் இரு முகங்களிலும் மாறி மாறிப் பெயர்க்கப்பட்டு, விளிம்பு ஒரே கோட்டில் கூர்மையாகிறது. இன்னொரு கேள்வி வலுவானது: பல்லாவரத்துக் கல் குழியிலிருந்து வெளியே கொட்டிய சரளையில் கிடந்தது, ஆகவே அதற்கு வயது சொல்ல முடியாது. உண்மைதான். அந்தக் குறையைத் தீர்த்தது, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கம். அதே 1863 செப்டம்பரில் ஃபுட்டும் அவருடைய துறைத் தோழர் வில்லியம் கிங்கும் அங்கும் கற்கருவிகளைக் கண்டார்கள். 1999 முதல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்தபோது, கருவிகள் மண்ணடுக்குகளுக்குள் கலையாமல் இருந்தன.

வயதைக் கணித்த விதம்தான் இதில் சுவையானது. தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணுக்கள் உருவாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் கதிர் எட்டுவதில்லை. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் அழியத் தொடங்குகின்றன. மிஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் தெரிந்துவிடும். 2011இல் வெளியான கணக்கு சுமார் 15 லட்சம் ஆண்டுகள். ஒரு முறையை மட்டும் நம்பலாமா என்றால், மண்ணில் பதிந்த காந்தத் திசையையும் பார்த்தார்கள். அது இன்றைய திசைக்கு நேர்மாறாக இருந்தது. பூமியின் காந்தப்புலம் கடைசியாக அப்படித் தலைகீழாக நீடித்தது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகளும் முரண்படாதபோது ஐயத்துக்கு இடம் வெகுவாகச் சுருங்குகிறது.

அப்படியானால் முதல் மனிதன் தமிழனா? அத்திரம்பாக்கத்தில் விலங்குப் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. மனித எலும்பு கிடைக்கவில்லை. அக்காலத்தில் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸே தோன்றியிருக்கவில்லை. அதன் மிகப் பழைய எலும்புகள் என்று பலரும் ஏற்பவை மொராக்கோவில் கிடைத்த, சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழமையானவை. நம் மரபணுக்களோ, பெரும்பகுதி, ஆப்பிரிக்காவிலிருந்து கடந்த ஒரு லட்சம் ஆண்டுக்குள் புறப்பட்டவர்களிடம்தான் போய் நிற்கின்றன. கோடாரி செய்தவர்கள் நமக்கு மூதாதையர் என்பதைவிட, இதே நிலத்தில் முன்பு குடியிருந்த வேறு மனிதர்கள் என்பதே பொருத்தம். 2018இல் இதே இடத்தின் மேலடுக்குகளில் 3,85,000 ஆண்டுக்கு முற்பட்ட நுட்பமான சில்லுக் கருவிகள் அறிவிக்கப்பட்டபோதும், அவற்றைச் செய்தவர் யார் என்பது திறந்தே இருந்தது. உறவு கொண்டாட ஆசைப்படுகிறவர்களுக்கு அதே பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரே அகழ்ந்த சுடுமண் ஈமப்பேழைகள் இருக்கின்றன. அவை இரும்புக் காலத்தவை; அங்கே அந்த ஆசைக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு.

கடல் கொண்ட நிலமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கரையோரம் அகன்றிருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். ஆனால் வெளிப்பட்டது கரையோரப் பட்டை, கண்டமல்ல. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்து எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்போது மனிதரே கிடையாது. இலங்கையின் பாகியன் குகையில் 30,000 ஆண்டுகளுக்கும் முந்தைய, நம் இனத்தவரின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவர்களின் முன்னோர் நடந்து வந்த தடம் பாக் நீரிணையின் ஆழமற்ற சேற்றுக்கடியில் இருக்க வாய்ப்புண்டு. கடலடியில் தேடுவதென்றால் அங்கே தேடலாம்.