லீவில் ஒரு நாள், வேலையில் ஒரு வருடம்

என் நானா கட்டாரில் வேலை செய்கிறார். சென்ற முறை லீவில் நெளுக்குளம் வந்தவர், திரும்பிப் போவதற்கு முதல் நாள் கூட்டாளிமாருடன் நிலாவெளிக்குப் போனார். புறாத்தீவுக் கடலில் ஸ்கூபா சுழியோட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அங்கே பயிற்றுநர் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, எப்ப பிளைட்?"

"நாளைக்கு விடிய."

"அப்ப இண்டைக்கு இறங்க ஏலாது."

நானா கோபத்துடன் வீடு வந்து உம்மாவிடம் முறையிட்டார். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் நான் காரணத்தைத் தேடினேன்.

கடலில் 10 மீற்றர் இறங்கினால் உடம்பின் மீதுள்ள அமுக்கம் இரண்டு மடங்காகிறது. அப்போது சுவாசிக்கும் வளியிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்தபின் அது மெதுவாகவே வெளியேறும். விமானத்தின் உள்ளே அமுக்கம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. ஆகவே உடனே விமானம் ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழி வருவதுபோல, உடம்புக்குள்ளும் குமிழிகள் உண்டாகலாம். மூட்டுவலி வரலாம், கைகால் செயலிழக்கவும் கூடும். ஒரு தடவை சுழியோடியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவை சுழியோடியவர் 18 மணித்தியாலமும் காத்திருக்க வேண்டும் என்பது சுழியோடிகள் பின்பற்றும் பொது வழிகாட்டல்.

இனி வேலைக்கு வருவோம். லீவில் காயப்பட்டால் யார் பொறுப்பு? நம் நாட்டின் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு தருகிறது. பொழுதுபோக்கில் பட்ட காயம் அதில் சேராது. கடை, காரியாலய ஊழியருக்கு முதல் வருடம் முடிந்தபின் சட்டப்படி கிடைப்பது 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும்தான். மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேர்ந்தால் அது போதாது.

காப்புறுதியும் அப்படித்தான். பல ஆயுட் காப்புறுதி விண்ணப்பங்களில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்று கேட்பார்கள். மறைத்தால் பின்னர் பணம் மறுக்கப்படலாம்.

சில ஒப்பந்தங்கள் விளையாட்டையே தடுக்கும். 2004 ஜனவரியில் அமெரிக்க பேஸ்போல் வீரர் ஏரன் பூன், பொழுதுபோக்காகக் கூடைப்பந்து ஆடி முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டார். ஒப்பந்தம் அதைத் தடுத்திருந்ததால் நியூயோர்க் யாங்கீஸ் கழகம் அவரை விலக்கியது. அந்த வருடச் சம்பளத்தில் பெரும்பகுதியை அவர் இழந்தார்.

இதனால் துணிச்சலான பொழுதுபோக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடலடி ஆசையால் 1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்குக்கு, அந்த ஆசையே புத்தகங்கள் எழுதவும் வழிகாட்டியது. ஆனால் இறங்குமுன் ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும். காப்புறுதிப் படிவத்தில் உண்மையை எழுத வேண்டும். வேலைக்குத் திரும்பும் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நானா குறித்த நாளில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த மாத முடிவில் அவர் அனுப்பிய காசில்தான் என் பிரத்தியேக வகுப்புக் கட்டணத்தைக் கட்டினோம். அடுத்த லீவில் வந்த முதல் வாரமே நிலாவெளிக்குப் போகப் போகிறாராம். உம்மா இப்போதே நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.