கேட்பாரற்றுக் கிடக்கும் பணம்

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு நாள், மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, திண்ணையில் ஒரு மூதாட்டி நமக்காகக் காத்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதனுள் ஓரம் செல்லரித்த வங்கிப் பாஸ் புத்தகம் ஒன்று. "சாமி, டிரங்குப் பெட்டிக்கு அடியிலே விரித்த காகிதத்தை மாற்றும்போது இது கிடைத்தது. அவர் செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. இதிலே பணம் இருக்கிறதா, இல்லையா? பேங்கிலே இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அந்தக் கணக்கெல்லாம் இங்கே இல்லை என்கிறார்கள்" என்றார்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். கணவர் வெளியூர் மில் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் சிறுகச் சிறுகப் போட்ட பணம். கடைசி வரவு 2006-ஆம் ஆண்டில். அன்றைய இருப்பு 31,460 ரூபாய். கணக்கின் பெயர் 'பீட்டர்'. அந்த அம்மையார் கொண்டுவந்திருந்த குடும்ப அட்டையிலும், கணவரின் இறப்புச் சான்றிதழிலும் இருந்த பெயரோ 'ராயப்பன்'.

இத்தகைய புத்தகங்கள் நம் இல்லங்கள் பலவற்றிலும் கிடக்கக்கூடும். ஆகவே, இதன் பின்னர் நடந்ததை வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

பணம் எங்கே போயிற்று?

வங்கிக் கணக்கு ஒன்றில் இரண்டு ஆண்டுகள் கணக்குதாரர் வரவு செலவு ஏதும் செய்யாவிடில், அது செயலற்ற கணக்காகக் கருதப்படுகிறது. பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால், அத்தொகை ரிசர்வ் வங்கி 2014-ஆம் ஆண்டில் நிறுவிய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. 2024 மார்ச் இறுதியில் இந்நிதியில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய்! இதில் பெரும் பகுதி, சேமித்தவர் சொல்லாமல் இறந்ததாலும், ஊர் மாறியதாலும், குடும்பத்தார் அறியாததாலும் அங்கே போய்ச் சேர்ந்ததே.

ஆயினும் நாம் மறந்துவிடலாகாத உண்மை ஒன்று உண்டு. பணம் இடம் மாறினாலும் உரிமை மாறுவதில்லை. இந்நிதிக்குச் சென்ற வங்கிப் பணத்தைக் கேட்பதற்குக் கால வரையறை கிடையாது. கணக்கு இருந்த வங்கியையே அணுக வேண்டும். வங்கி உரியவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதனை நிதியிலிருந்து பெற்றுக்கொள்ளும். சேமிப்புக் கணக்காயின், நிதியில் கிடந்த காலத்திற்கும் வட்டி உண்டு. 2021 மே மாதம் முதல் அது ஆண்டுக்கு 3 விழுக்காடு. ஆகவே, "அந்தக் கணக்கு இங்கே இல்லை" என்ற சொல்லோடு வீடு திரும்பத் தேவையில்லை.

தேடுவதும் இன்று எளிதாகியிருக்கிறது. 2023 ஆகஸ்டு 17-ஆம் நாள் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. 2024 மார்ச் மாதத்திற்குள் முப்பது வங்கிகள் அதில் சேர்ந்தன. கேட்பாரற்ற வைப்புகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வங்கிகளில் இருப்பவையே. கைப்பேசி எண்ணைப் பதிவு செய்துகொண்டு, கணக்குதாரரின் பெயரையும், பிறந்த தேதி, பான் எண், வாக்காளர் அட்டை எண் போன்றவற்றில் ஒன்றையும் கொடுத்தால், எந்த வங்கியில் அவர் பெயரில் பணம் கிடக்கிறது என்பது தெரியவரும். எண் ஏதும் இல்லையேல் முகவரியைக் கொடுத்தும் தேடலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

நம் பங்கு இளைஞர் ஒருவர் 'ராயப்பன்' என்று தேடினார், கிடைக்கவில்லை. 'பீட்டர்' என்று மில் இருந்த ஊரின் முகவரியோடு தேடினார், கிடைத்தது.

இரண்டு பெயர், ஒரே மனிதர்

பணம் இருக்குமிடம் தெரிந்துவிட்டது. ஆனால் பீட்டரும் ராயப்பனும் ஒருவரே என்று வங்கிக்கு எவ்வாறு மெய்ப்பிப்பது? நம் மக்களுக்கே உரிய இடர் இது. வீட்டில் ராயப்பனாக இருப்பவர் வேலைத்தலத்தில் பீட்டராகிறார். சின்னப்பன் பாலாகிறார்; அருளப்பன் ஜானாகிறார்; சூசை ஜோசப்பாகிறார். நமக்கு இவை ஒரே புனிதரின் பெயர்கள். வங்கி அலுவலருக்கோ இருவேறு மனிதர்கள். ஆரோக்கியம் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுவோரும் உளர். தேடும்போது எல்லா வடிவங்களையும் இட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நமக்குக் கைகொடுத்தது பங்கின் பழைய ஏடு. திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குதோறும் எழுதி வைக்கவேண்டுமெனத் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டிலேயே விதித்தது. ஒருவரின் திருமணத்தை அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்பது இன்றும் திருச்சபைச் சட்டம். கணவரின் பிறந்த ஊர்ப் பங்கிற்கு எழுதிக் கேட்டோம். அக்காலப் பங்குத் தந்தை லத்தீன் மொழியில் 'பெத்ருஸ்' என எழுதி, பக்கத்தில் 'ராயப்பன்' என்றும் குறித்திருந்தார். ஓரத்தில் இந்த அம்மையாரின் பெயரும், மணநாளும், நம் பங்கின் பெயரும் இருந்தன. அந்த நகல், நம் திருமண ஏட்டின் நகல், நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம், மில்லின் பழைய அடையாள அட்டை ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்தபின், இருவரும் ஒருவரே என்பதை வங்கி ஏற்றது. பங்கு ஏடு மட்டுமே போதுமென்று எவரும் எண்ணவேண்டாம். அது துணைச் சான்றே. ஆயினும் வேறெங்கும் கிடைக்காத துணைச் சான்று.

ஏட்டில் நான்கு, விண்ணப்பத்தில் மூன்று

அடுத்து வாரிசுச் சான்றிதழ். இதற்கு இ-சேவை மையத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்தபின் வட்டாட்சியர் வழங்குவார். மூத்த மகன் நிரப்பிய படிவத்தை நம்மிடம் காட்டினார். அதில் தாயும் மூன்று ஆண்மக்களும் இருந்தனர். நமது திருமுழுக்கு ஏட்டிலோ நான்கு பிள்ளைகள். நான்காவது ஒரு மகள். வீட்டார் விருப்பத்திற்கு மாறாக மணம் செய்துகொண்டு ஒன்பது ஆண்டுகளாக வீட்டுக்கு வராதவள்.

"அவளைச் சேர்த்தால் கையெழுத்துக்கு எங்கே போவது, சாமி?" என்றார் மகன்.

விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை அவருக்கு விளக்கினோம். ஒரு வாரிசை மறைத்துப் பெற்ற சான்றிதழ் பின்னர் ரத்தாகலாம், வழக்கும் வரலாம். மேலும், கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்தவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் வேறுபாடு இல்லை; மணமானவள், மணமாகாதவள் என்ற பேதமும் இல்லை. இவையனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்த தாய் ஒன்றே சொன்னார்: "பெற்றது நாலு என்றால் நாலு என்றே எழுதுங்கள்."

படிவம் திருத்தப்பட்டது. தம்பி ஒருவன் அக்காவைத் தேடிச் சென்றான். வங்கிக்குப் போகவேண்டிய நாளில் அவள் குழந்தையோடு வந்தாள். பத்து மாத அலைச்சலுக்குப் பின் கிடைத்த தொகை வட்டியோடு 58,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். தனக்கு எதுவும் வேண்டாமென்று மகள் மறுத்தபோது, தாய் அவள் பங்கை எண்ணிக் கையில் வைத்து, "இது நான் தருவதில்லை, உன் அப்பா போட்டது" என்றார். அதன்மேல் அவள் மறுக்கவில்லை.

குடும்பங்கள் செய்யவேண்டியவை

இக்குடும்பம் பட்ட பாட்டில் பெரும்பகுதியை ஒரே கையெழுத்து தவிர்த்திருக்கும். கணக்கில் 'நாமினி' பெயர் இருந்தால், வங்கி நீதிமன்றச் சான்றையோ பிணையையோ வற்புறுத்தலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினியாகக் குறிக்கலாம். ஆனால் ஒன்றை அறிக: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவரே, உடைமையாளர் வாரிசுகளே. இதனை உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியுள்ளது.

நாமினி இல்லாவிடத்து, வாரிசுகளுக்குள் தகராறு இருப்பினும், தொகை வங்கியின் வரம்பைக் கடந்து பெரிதாயினும், நீதிமன்றத்தின் இறங்குரிமைச் சான்று தேவைப்படலாம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்; அச்சான்றிதழிலேயே, "பீட்டர் என்கிற ராயப்பன்" என இரு பெயரையும் சேர்க்கக் கோருவது நலம்.

காப்பீட்டுப் பணம் கேட்பாரற்றுப் பத்து ஆண்டுகள் கடந்தால், முதியோர் நல நிதிக்குச் செல்கிறது. அங்கே சென்றபின் 25 ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். தவறினால் அரசுக்கே சேரும். ஆகவே, பழைய பாலிசிப் பத்திரங்களைப் பார்ப்பதில் தாமதம் கூடாது.

பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பங்கு கேட்கும் தரகர்களையும், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்போரையும் நம்பவேண்டாம். செயலற்ற கணக்கை மீண்டும் இயக்குவதற்கு வங்கி கட்டணம் வாங்கலாகாது.

இறுதியாக, குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணக்குகள் எந்த ஊரில், எந்த வங்கியில், எந்தப் பெயரில் உள்ளன என்பதை ஒரு தாளில் எழுதி, மனைவியிடம் இன்றே சொல்லி வையுங்கள். அந்த மில் தொழிலாளி தம் குடும்பத்திற்காகவே சேமித்தார். ஆனால் சேமித்ததைச் சொல்லாமல் போனார். அதனால் அவருடைய மனைவி பதினான்கு ஆண்டுகள், தமக்குரிய பணம் தம் பெட்டிக்கு அடியிலேயே எழுதி வைக்கப்பட்டிருப்பதை அறியாமல், கூலி வேலைக்குப் போய்வந்தார்.