தீராத குறையுள்ள புதுக் கார்

புதிய கார் வாங்கியவர்கள் அதை முதலில் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிச் செல்வது நம் நெல்லைச் சீமையில் வழக்கமாக உள்ளது. பழத்துக்கு இங்கே பஞ்சமில்லை. புளியங்குடிச் சந்தை அருகிலேயே இருக்கிறது. அமெரிக்கர்களோ, வாங்கிய நாள் முதல் வீட்டுக்கும் பட்டறைக்குமாக அலைய வைக்கும் காருக்கே ‘எலுமிச்சை’ என்று பெயர் சூட்டிவிட்டார்கள். நாம் சக்கரத்தின் அடியில் வைப்பதை அவர்கள் காரின் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள் போலும்! அத்தகைய காரை வாங்கிவிட்ட ஒருவர் செய்யத் தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அம்பாசமுத்திரத்துக் குடும்பத்தார் ஒருவர் வங்கிக் கடனில் கார் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பாபநாசத்திலிருந்து காரையாற்றுக்கு ஏறும் மலைச்சாலையில், இயந்திரம் நன்கு சூடேறிய பிறகு, இழுவை திடீரெனக் குறைகிறது. திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தால், பட்டறையார் சமதளச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, “குறை ஒன்றும் தென்படவில்லை” என்று திருப்பித் தருகின்றனர். பதினைந்து நாளில் மீண்டும் அதே தொல்லை. தவணைப் பணமோ மாதந்தோறும் தவறாமல் வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டால் உள்ளிருப்போரின் கதி என்ன என்ற அச்சம் வேறு.

இங்கே முதலில் தெளிய வேண்டுவது, குறை வண்டியில் இருக்கிறதா, நாம் ஓட்டும் முறையில் இருக்கிறதா என்பது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் கார்களில், புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரி எரிந்து சாம்பலாக வேண்டுமானால், வண்டி சற்று நேரம் சீரான வேகத்தில் ஓடிப் புகைப்போக்கி கடுஞ்சூடு அடைதல் வேண்டும். நெல்லைச் சந்திப்பிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டைக்கு வந்து திரும்புவதோடு நாள்தோறும் முடிந்துவிடும் ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறுவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பட்டறையில் சுத்தம் செய்கிறார்கள். மறுமாதம் மீண்டும் எரிகிறது. மதுரைச் சாலையிலோ நாகர்கோவில் சாலையிலோ அவ்வப்போது அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டினாலே பெரும்பாலும் இத்தொல்லை எழாது. இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது விற்பவர் கடமை என்பது என் கருத்து.

ஆனால் நம் அம்பாசமுத்திரத்தார் கார் அவ்வகையைச் சேர்ந்ததன்று என்றே கொள்வோம். அவர் கையிலுள்ள வலிய கருவி காகிதம்தான். விடுப்புக் கடிதத்தில் “உடல்நலமில்லை” என்று மட்டும் எழுதி வரும் மாணவனிடம், “என்ன நோய், எத்தனை நாளாக?” என்று கேட்டுப் பழகியவன் நான். பட்டறையில் எழுதும் ஜாப் கார்டும் அத்தகைய கடிதமே. அதில் “பொதுச் சோதனை” என்று எழுதியிருந்தால் கையொப்பம் இடலாகாது. “மலையேற்றத்தில், முக்கால் மணி நேர ஓட்டத்திற்குப் பின், இழுவை குறைகிறது, இது மூன்றாம் முறை” என்று நம் சொற்களிலேயே எழுதச் செய்து, நகல் பெற வேண்டும். குறை தென்படும் சாலையிலேயே, பணியாளரை உடன் அமர்த்தி ஓட்டிக் காட்டுவது இன்னும் நன்று.

மற்றொன்று: இக்காலத்துக் காரில் இயந்திரத்தை ஆளும் கணினி, கோளாறு நேரும்போது அதற்குரிய குறியீட்டைத் தன் நினைவில் பதித்துக்கொள்கிறது, பெரும்பாலும் அந்நேரத்து வேகத்தையும் சூட்டையும்கூடக் குறித்து வைக்கிறது. பட்டறையில் முதல் வேலையாக அதை அழித்துவிடுகிறார்கள். பல வண்டிகளில் பாட்டரி இணைப்பைக் கழற்றினாலே அது அழிந்துபோகும். அழிக்குமுன் அச்சிட்டுத் தருமாறு கேட்பவர் மிகச் சிலர்.

இனிச் சட்டம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் இயற்றிய சட்டம், நான்கு முறை பழுது பார்த்தும் தீராத குறைக்கும், மொத்தம் 30 நாள் பட்டறையில் கிடந்த வண்டிக்கும், வாங்கியவர் பக்கம் சாயும் ஒரு கணக்கை வகுத்தது. நம் நாட்டில் அவ்வாறு எண்ணிக்கை வகுத்த சட்டம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே நமக்குத் துணை. அதன்படி கேட்டவர்க்கெல்லாம் புதுக் கார் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. கிளச்சில் தொல்லை கண்ட ஒரு காருக்கு மாற்றுக் கார் தரவேண்டும் என்று கீழ் அமைப்புகள் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்கவில்லை. உத்தரவாதப் பத்திரம் பழுதான உறுப்பை மாற்றித் தரவே கட்டுப்படுத்துகிறது என்றது. இயந்திரத்தில் ஓயாத ஓசை என்ற வேறொரு வழக்கில், 2010-இல் அதே நீதிமன்றம், சார்பற்ற வல்லுநர் ஒருவர் காரைச் சோதிக்கட்டும், பிறவிக் குறை என்று அவர் கண்டால் விலையையும் வாழ்நாள் வரியையும் வட்டியுடன் திருப்பித் தருக என்று பணித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். குறை ஓர் உறுப்போடு நிற்கிறதா, காரின் பிறப்பிலேயே உள்ளதா என்பதை வல்லுநர் அறிக்கைதான் நிறுவ வேண்டும். அந்த வல்லுநருக்கு முதலில் தேவைப்படுவன நம் ஜாப் கார்டுகளே. காரை ஆய்வுக்கு அனுப்புமாறு ஆணையத்தையே வேண்டலாம். அதற்குரிய கட்டணத்தை முறையிடுபவர் முன்னதாகக் கட்ட நேரும்.

அதே வகைக் கார் வாங்கிய பிறர்க்கும் இக்குறை உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசுக்கு இருக்கிறது.

முறையிடச் சென்னைக்கோ, கார் செய்த ஊருக்கோ போக வேண்டுவதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின், தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம்; வழக்கறிஞர் இன்றியும் வாதாடலாம். 1915 என்ற எண்ணில் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். மனுவுக்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. “அடுத்த சர்வீசில் பார்த்துவிடலாம்” என்று பட்டறையில் சொல்லும் ஒவ்வொரு முறையும் அதில் சில மாதங்கள் கழிந்துவிடுகின்றன.