திருத்தமும் திரிபும்

எழுதுவோர் கை பிழைபடுதல் இயல்பு. விரைந்து தட்டச்சுச் செய்யுங்கால் ஓரெழுத்தைத் தொட வேண்டிய விரல் மற்றோரெழுத்தைத் தொட்டுவிடும். அத்தகைய பிழைகளை உடனுக்குடன் களைவதற்குக் கணிப்பொறியில் அமைந்த ஏற்பாடே தானியங்கித் திருத்தம் எனப்படும்.

கணக்குகளையும் பட்டியல்களையும் கட்டம் கட்டமாக எழுத உதவும் விரிதாள் மென்பொருள்களுள் ஒன்று எக்செல். அதனுள் ஒரு சொற்பட்டியல் உண்டு. ஒருபுறம் மக்கள் அடிக்கடி செய்யும் பிழைகளும், மறுபுறம் அவற்றிற்குரிய திருந்திய வடிவங்களும் அதில் உள்ளன. ஒரு சொல்லை எழுதி முடித்ததும் கணிப்பொறி அதனை அப்பட்டியலோடு ஒப்பிடும். பிழையெனக் கண்டால் மாற்றிவிடும். அப்பட்டியலில் புதியன சேர்க்கவும் வேண்டாதன நீக்கவும் பயன்படுத்துவோர்க்கு உரிமை உண்டு.

விரிதாளுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. நாளைப்போலத் தோன்றுவதை அது நாளெனவே கொள்ளும். இவ்வியல்பு கணக்கெழுதுவோர்க்கு நன்மையாயிற்று. உயிரியல் அறிஞர்க்கோ இடராயிற்று.

மனித உடலின் மரபணுக்களுக்கு அறிஞர் சுருக்கப் பெயர்கள் இட்டுள்ளனர். அவற்றுள் ஒன்று 'செப்ட் 2' என்பது. அதனை விரிதாளில் இடைவெளியின்றி எழுதியவுடன் அது செப்டம்பர்த் திங்கள் இரண்டாம் நாளாக மாறிற்று. 'மார்ச் 1' என்னும் மரபணு மார்ச்சுத் திங்கள் முதல் நாளாயிற்று. மாறிய பெயரை விரிதாள், நாளைக் குறிக்கும் ஓர் எண்ணாகவே சேமித்து வைத்தது. ஆதலின் பழைய பெயர் மறைந்தொழிந்தது.

இக்குறையை 2004ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஆயினும் பிழை குறையவில்லை. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளுள், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருந்ததாக 2016ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டனர். நோயின் காரணத்தை ஆராயும் ஏட்டில் மரபணுவின் பெயரே மாறின், பின்வரும் ஆய்வாளர் எதனை நம்புவர்?

இறுதியில், மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழுவினர் பெயர்களையே மாற்றினர். 2020ஆம் ஆண்டில் வெளியான நெறிமுறைகளில் இம்மாற்றம் விளக்கப்பட்டது. 'செப்ட் 2' என்பது 'செப்டின் 2' ஆயிற்று. 2023ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனமும், இத்தகைய மாற்றங்களை வேண்டாதோர் தடுத்துக்கொள்ளும் வசதியை எக்செல்லில் அளித்தது. எழுதுமுன் கட்டங்களை 'உரை' எனக் குறித்துக்கொள்வதும் ஒரு காப்பாகும்.

பொறி எழுத்தின் வடிவை அறியும். எழுதியவர் கருத்தை அறியாது. ஆதலின் அது செய்த திருத்தத்தையும் மீண்டும் ஒருமுறை நோக்குதல் கற்றோர் கடமையாகும்.