இணையவழி முதுகலை: பட்டம் செல்லும், படித்த வரிசை செல்லுமா?

பாடியிலிருந்து பட்டாபிராம் வரை, நெடுஞ்சாலையின் இருபுறமும், மின்கம்பங்களில் தொங்கும் விளம்பரத் தட்டிகளை நாம் அன்றாடம் கடந்து செல்கிறோம். 'வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ., எம்.பி.ஏ.; கல்லூரிக்கு வரத் தேவையில்லை' என்பதே அவற்றின் பொதுவான வாசகம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்துத் திரும்பும் இளைஞருக்கும், ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் நகரத்துக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் அந்த வாசகம் பொய்யன்று. அவர்களில் பெரும்பாலோர் தத்தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். ஆனால் அந்தத் தட்டியில் எழுதப்படாத விதிகள்தாம் சில ஆண்டுகள் கழித்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையின் மறுபுறம் அமர்ந்திருப்பவரின் கையில் ஆயுதமாகின்றன. அவ்விதிகளைச் சேர்க்கைக்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில், சட்டம் நமக்குச் சாதகமாகச் சொல்வது. பல்கலைக்கழக மானியக் குழு 2020 செப்டம்பரில் வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலை மற்றும் இணையவழிப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறைகளின் 22-ஆம் விதி, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் இவ்வழிகளில் வழங்கும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டங்களுக்கு இணையானவை என்கிறது. 2022 செப்டம்பரில் குழு இதனை மீண்டும் அறிவிப்பாகவே வெளியிட்டது. 'கரஸ்ல படிச்சதுதானே' என்று ஏளனம் செய்யும் அலுவலருக்கு இவ்விதியைக் காட்டலாம், காட்ட வேண்டும்.

எனினும் அவ்விதியில் 'அங்கீகரிக்கப்பட்ட' என்ற சொல் சுமக்கும் எடை பெரிது. ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக அங்கீகாரம் இருப்பது போதாது. நீங்கள் சேரும் பாடத்துக்கு, சேரும் கல்வியாண்டில், சேரும் வழியில் அனுமதி இருந்திருக்க வேண்டும். தொலைநிலை வேறு, இணையவழி வேறு. ஒன்றுக்கான அனுமதி மற்றதற்குச் செல்லாது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியைத் தம் எல்லைக்குள் மட்டுமே நடத்தலாம். இணையவழிக்கு எல்லை இல்லை. ஆகவே அதற்குத் தெருமுனை 'சென்டர்' எதுவும் தேவையில்லை. பிற மாநிலப் பல்கலைக்கழகமொன்றின் பெயரால் பூந்தமல்லியில் ஒரு மாடியறையில் சேர்க்கை, தேர்வு, சான்றிதழ் மூன்றையும் முடித்துத் தருவதாக எவரேனும் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. கிளை உரிமை கொடுத்துப் பட்டம் விற்பதை ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. இணையக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து அவ்வாறு நடத்தப்படும் படிப்புகள் செல்லாது என 2022 ஜனவரியில் குழு தனியே எச்சரித்தது.

இந்த எச்சரிக்கைகள் வெறும் காகிதமல்ல என்பதற்குத் தமிழ்நாட்டைத் தொட்ட இரு நிகழ்வுகளே போதும். 2017 நவம்பர் 3 அன்று ஒரிசா நீர்ப்பாசனக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை ஆராய்ந்தது. அந்நான்கில் ஒன்று சேலத்தின் விநாயகா மிஷன் நிறுவனம். 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோருக்கு ஒரு தேர்வெழுதித் தம் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்புக் கிடைத்தது. அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் ரத்தாயின. ஒரே பாடம், ஒரே சான்றிதழ். சேர்ந்த ஆண்டு மட்டுமே வேறு. அடுத்தது 2022-இல் நிகழ்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரை மட்டுமே அனுமதி இருந்தது என்று மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஒரு தலைமுறைக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகம் அது. ஒழுங்குமுறை அமைப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான பிணக்கில் அச்சத்தோடு காத்திருந்தவர்கள் மாணவர்களே.

ஆகவே சேரும் நாளிலேயே, மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியக இணையதளத்தில் அந்நிறுவனம், அப்பாடம், அப்பருவம் மூன்றும் இடம்பெற்ற பக்கத்தைத் தேதியுடன் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து அந்தப் பக்கம் அங்கே இருக்கும் என்று எவரும் உறுதி தர இயலாது.

2024-ஆம் ஆண்டின் சேர்க்கைப் பருவம் முதல் இன்னொரு வாயிலும் கட்டப்பட்டுள்ளது. தொலைநிலையிலோ இணையவழியிலோ சேரும் இந்திய மாணவர் ஒவ்வொருவரும் 'டிஇபி ஐடி' எனும் தனி எண்ணைப் பெற வேண்டும். அதற்கு முன் கல்விப் புள்ளி வங்கியின் 'ஏபிசி ஐடி' வேண்டும். அதற்கு ஆதார் வேண்டும். போலிச் சேர்க்கைகளைத் தடுக்கும் நோக்கம் சரியானதே. ஆனால் நம் பக்கத்தில் பெயரே ஒரு சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் அதுவே பின்னால் போயிருக்கும், அல்லது தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். திருமணமான பெண்களுக்குக் கணவரின் தலைப்பெழுத்து ஏறியிருக்கும். தலைப்பெழுத்து என்றால் என்னவென்று அறியாத மென்பொருள் இவற்றை வெவ்வேறு ஆட்களாகவே காணும். சேர்க்கையின் கடைசி வாரத்தில் இதனைக் கண்டறிபவர் ஓர் ஆண்டை இழப்பார். ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்திருக்குமாறு முன்னதாகவே திருத்திக்கொள்வது நன்று.

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம்.

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அம்பத்தூரில் வாகன உதிரிபாக ஆலையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். இத்தகைய வரலாறு கொண்டோர் நம்மிடம் ஆலோசனைக்கு வருகின்றனர். இருபத்து மூன்று வயதில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முன்தயாரிப்புப் படிப்பை முடித்து, அதன்வழி பி.ஏ.வில் சேர்ந்து தேர்ச்சி பெறுகிறார், பிறகு எம்.ஏ. முடிக்கிறார். எல்லாமே அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில், விதிப்படி. அரசுப் பணித் தேர்வில் வெற்றியும் பெறுகிறார். சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரே கேள்வி: 'பிளஸ் டூ எங்கே?' அத்தோடு முடிகிறது.

இக்கேள்வியின் வேர் ஒரு வழக்கில் உள்ளது. தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவிக்கு நியமிக்கப்பட்ட ஒருவர், இளநிலைப் பட்டம் இல்லாமலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலை முறையில் எம்.ஏ. பெற்றிருந்தார். அந்த எம்.ஏ. செல்லாது என்று 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் பட்டம் இல்லாதவரை முதுநிலையில் சேர்க்கக் கூடாது என மானியக் குழுவின் 1985-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்வதையும், பின்னாளில் தரப்படும் தளர்வு முன்னர் நிகழ்ந்த மீறலைச் சரியாக்காது என்பதையும் அத்தீர்ப்பு அடித்தளமாகக் கொண்டது. சட்டப்படி அதில் குறைகாண இடமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு 18 அன்று தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிருவாகச் சீர்திருத்தத் துறை, அரசாணை எண் 107-ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்பு ஆகியவற்றில் தேறிய பின்னர் பெற்ற பட்டங்களே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்பது அதன் சாரம். கவனியுங்கள்: நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, இளநிலை இல்லாத முதுநிலை பற்றியது. அரசாணையோ அதனைக் கடந்து பள்ளிக்கூடம் வரை கீழிறங்கியது. நீதிமன்றம் சார்ந்திருந்த அதே 1985 ஒழுங்குமுறைகள், பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு இல்லாதவரும் இருபத்தொரு வயது நிரம்பி, பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வில் தேறினால் முதல் பட்டத்தில் சேரலாம் என்று வெளிப்படையாகவே அனுமதித்திருந்தன. மத்திய ஒழுங்குமுறை திறந்துவைத்த கதவின் வழியே நுழைந்தவரை, மாநில அரசாணை மறுபுறத்தில் நின்று தடுக்கிறது.

பள்ளியை இடையில் விட்டவர் யார் என்று கேட்காமல் இவ்விதியை மதிப்பிட முடியாது. சாதியின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. எனினும் சேரியில் பிறந்து, குடும்பக் கடனுக்காகவோ வெளியேற்றத்தாலோ பதினைந்து வயதில் வேலைக்குச் சென்றவருக்கு, அதிலும் பெண்ணுக்கு, இவ்விதி விழும் இடம் வேறு. தடையின்றிப் படித்தவருக்கு அது விழுவதே இல்லை. மேற்பார்வைக்கு நடுநிலையான விதி, ஏற்கெனவே பின்தள்ளப்பட்டோர்மீது கூடுதல் சுமையாக இறங்குமானால் அது மறைமுகப் பாகுபாடு என்பதை, ராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அரசாணை 107-ஐ அந்த அளவுகோலில் வைத்து வாதிட முடியும் என்பது நமது கருத்து. தரத்தைக் காக்கவே இவ்வரிசை என்ற அரசின் வாதத்துக்கு நம் மறுமொழி எளியது: அவர் போட்டித் தேர்வில் வென்றுவிட்டாரே, இன்னும் எந்தத் தரம் மிச்சமிருக்கிறது?

வழக்கு வெல்லும் வரை நடைமுறை ஒன்றே. பிளஸ் டூ இல்லாதவர், பட்டப்படிப்பில் சேருமுன் தனித்தேர்வராக அதனை எழுதி முடித்துவிட வேண்டும். பட்டத்துக்குப் பின் எழுதினால் 'வரிசை தவறியது' என்ற ஆட்சேபம் மீண்டும் எழும். ஈராண்டு தாமதம் கசப்பானதுதான். ஆனால் முதுகலை முடித்த பின் இதனை அறிவது அதைவிடக் கசப்பானது.

பட்டம் பெறுவதற்கான விதிகளைப் பற்றியும் சில சொற்கள். ஒழுங்குமுறைகளின்படி உள்மதிப்பீட்டுக்கு உச்ச அளவு 30 விழுக்காடு. பருவத் தேர்வுக்குக் குறைந்தது 70. இக்னோவில் ஒப்படைப்பு, தேர்வு இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, ஒப்படைப்பு தராததால் பட்டமின்றி நிற்போர் உண்டு. ஈராண்டு எம்.ஏ.வை முடிக்க அங்கே உச்சவரம்பு நான்கு ஆண்டுகள். முதலாண்டுத் தேர்வை எழுதாவிட்டாலும் இரண்டாம் ஆண்டுக்கு உரிய காலத்தில் மறுபதிவு செய்தாக வேண்டும். தேர்வுக்கெனத் தனி விண்ணப்பமும் உண்டு. ஆலையில் கூடுதல் நேர வேலை பார்ப்பவர் தவறவிடுவது பாடங்களையல்ல, இந்தத் தேதிகளையே.

மதிப்பெண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. இக்னோ எம்.ஏ. தேர்ச்சிக்கு 40 விழுக்காடு போதும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கோ, ஐந்து விழுக்காடு தளர்வுக்குப் பின்னும் பட்டியலின, பழங்குடி மாணவர் முதுகலையில் 50 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். தேர்ச்சியையே இலக்காக வைத்துப் படித்து 46 விழுக்காட்டில் பட்டம் பெற்றவருக்கு அக்கதவு திறக்காது. ஆசிரியர் பணியை நாடுவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலை, முதுநிலை இரண்டும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கைகள் கேட்டுவந்துள்ளன. பி.ஏ. வரலாறு முடித்தவர் ஆர்வத்தால் எம்.ஏ. தமிழில் சேருவது கல்விக்கு அழகு, அப்பணிக்கு உதவாது.

சட்டம், மருத்துவம், செவிலியம், கட்டடக்கலை போன்றவற்றையும் முனைவர் பட்டத்தையும் இவ்வழிகளில் பெற முடியாது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு-ஊட்டச்சத்து அறிவியல் முதலியன 2025 ஜூலை-ஆகஸ்டு பருவம் முதல் அப்பட்டியலில் சேர்ந்துவிட்டன. பழைய விளம்பரத் தட்டியை நம்பி எம்.எஸ்சி. உளவியலில் சேர்ந்துவிடாதீர்கள்.

கட்டணச் சுமையைப் பற்றிக் கேட்போருக்கு: ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியலினக் குடும்பங்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தின் நெறிமுறைகள், அஞ்சல்வழி மற்றும் தொலைநிலைக் கல்வியையும் நெடுங்காலமாக உள்ளடக்கியே வந்துள்ளன. 'கரசுக்குக் கிடையாது' என்று வாய்மொழியாகச் சொன்னால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர வேண்டிய நிலை வந்ததும் பல மறுப்புகள் தாமாகவே கரைவதை நாம் கண்டிருக்கிறோம். சான்றிதழ்களுக்கு அலைவோர் கவனிக்க: 2018-இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது, ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன.

ஏமாற்றப்பட்டவர் என்ன செய்யலாம்? மானியக் குழுவின் 'இ-சமாதான்' தளத்தில் புகார் பதியலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு மிரட்டும் நிறுவனங்களுக்கு எதிராக, அவ்வாறு வைத்திருப்பதைத் தடைசெய்யும் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை உள்ளது. நுகர்வோர் ஆணையத்தை நாடுவதில் சிக்கலுண்டு: கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வாரா என்று தேசிய ஆணையம் 2020-இல் கூறியது, அது உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. எனினும் அங்கீகாரம் இருப்பதாகப் பொய் சொல்லிச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரி, கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் தர வேண்டும் என்ற தீர்ப்பை 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், காலவரம்பு ஈராண்டு.

அரசாணை 107-ஐப் பொறுத்தவரை, மாணவர் அமைப்புகள் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2009-க்குப் பின் 'கல்வி வரிசை' காரணமாகச் சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பெண்களும் எத்தனை பேர் என்று, அரசுப் பணியாளர் தேர்வாணையத்திடமும் ஆசிரியர் தேர்வு வாரியத்திடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனித்தனியே கேட்க வேண்டும். மறைமுகப் பாகுபாட்டை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க அந்த எண்கள் வேண்டும். 'இவ்வாறான பதிவேடு பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தையும் மனுவோடு இணைப்போம்.