பழைய லேண்ட் ரோவருக்கு வேறு என்ஜின்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களுக்குச் செல்லும் செம்மண் பாதைகளில் பழைய லேண்ட் ரோவர் வாகனங்கள் இன்றும் ஓடிக் கொண்டிருக்கின்றன. 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட சீரிஸ் 3 வண்டிகளும் அவற்றில் உண்டு. அப்பா ஓட்டிய வண்டியை இன்று மகன் ஓட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. மேல்பாகம் அலுமினியத் தகடு. அடிச்சட்டம் துருப்பிடித்தாலும் வெட்டி ஒட்டி வெல்டிங் செய்து காப்பாற்றி விடுகிறார்கள். ஆனால், என்ஜினுக்கு வயதாகி விடுகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, புகை கக்குகிறது, எண்ணெய் குடிக்கிறது.

அப்போதுதான் "பேசாமல் ஒரு ஜப்பான் என்ஜினைத் தூக்கிப் போட்டுவிடலாமே" என்ற பேச்சு எழுகிறது. பேச்சு சுலபம். ஆனால் என்ஜினை இறக்கிய நிலையில், பணம் தீர்ந்து, பட்டறையின் பின்புறம் புல் முளைத்துக் கிடக்கும் வண்டிகளும் உண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் மெக்கானிக்கின் திறமைக் குறைவு அல்ல. திட்டம் தலைகீழாகப் போடப்பட்டதுதான். முதலில் என்ஜினை வாங்கிவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று இறங்குகிறார்கள். முறையான திட்டத்தில் என்ஜினைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலைகளில் ஒன்று.

மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

முதல் கேள்வி, வண்டிக்கு என்ன வேலை என்பதுதான். தோட்டத்துக்குள் முட்டைக்கோசு ஏற்றி மெதுவாக நகரும் வண்டிக்கு ஒரு தேவை. தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைப்பாதையில் சரக்கோடு ஏறி இறங்கும் வண்டிக்கு வேறு தேவை. நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போக வேண்டும் என்றால் அது மூன்றாவது தேவை.

சீரிஸ் 3 வண்டியின் மூல என்ஜின் 2,286 சிசி. டீசல் வகையின் சக்தி சுமார் 62 குதிரைத்திறன். முறுக்கு விசை சுமார் 140 நியூட்டன் மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கும் கணக்கு இது. டர்போ இல்லாத என்ஜின் 100 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு சக்தியை இழக்கும். கேமரன் மலை நகரங்களின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆக, அங்கே நல்ல நிலையில் உள்ள என்ஜினே 15 விழுக்காடு வரை சோர்ந்து விடும். காற்று மெலிந்திருக்க டீசல் அதே அளவு பாய்வதால் கரும்புகையும் வரும். மலை மேல் புகை கக்கும் என்ஜினை "முடிந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லும் முன், கம்ப்ரெஷன் அளவு, இன்ஜெக்டர், பம்ப் ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும். தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு, பழைய என்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பதே மலிவான, நிம்மதியான வழியாக அமையக்கூடும். கிரானில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது கூடுதல் லாபம்.

சக்தி எங்கே போய் இடிக்கும்?

இரண்டாவது கேள்வி, கூடுதல் சக்தியை வண்டி தாங்குமா என்பது. மாட்டை மட்டும் பெரிதாக்கினால் போதாது, நுகத்தடியும் அச்சாணியும் தாங்க வேண்டும்.

சீரிஸ் 3 வண்டியின் முதல் கியர் விகிதம் 3.68. மலை ஏறும் லோ கியர் 2.35. அச்சில் உள்ள டிஃபரென்ஷியல் 4.7. இம்மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 40 வருகிறது. அதாவது என்ஜின் தரும் முறுக்கு விசை 40 மடங்காகிச் சக்கர அச்சுக்குப் போகிறது. பழைய என்ஜினின் 140 நியூட்டன் மீட்டர் அங்கே சுமார் 5,600 ஆகிறது. லேண்ட் ரோவர் நிறுவனத்தின் 200 டிடிஐ டர்போ டீசல் என்ஜின் சுமார் 255 நியூட்டன் மீட்டர் தரும். அதே கணக்கில் அது 10,000-ஐத் தாண்டுகிறது. சேற்றில் ஒரு சக்கரம் சிக்கியிருக்க, ஓட்டுநர் கிளட்சைச் சட்டென்று விட்டால் என்ன உடையும் என்பதை இந்த இரு எண்களே சொல்லிவிடும். 88 அங்குல வண்டியின் பின் அச்சுத் தண்டுகளும் நான்கு கியர் பெட்டியும் இத்தகைய விசைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. டர்போ என்ஜின் போட்டவர்கள் இதம் பதமாக ஓட்டினால் இவை பல ஆண்டு தாங்கும். முரட்டுத்தனமாக ஓட்டினால் தாங்காது.

வேகத்திலும் ஒரு வரம்பு உண்டு. இந்தக் கியர் விகிதத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழலும். எந்த என்ஜினைப் போட்டாலும் இந்த எண் மாறாது. ஆகவே "புது என்ஜின் போட்டும் வண்டி ஓடவில்லையே" என்று வருந்துபவர் மாற்றியிருக்க வேண்டியது டிஃபரென்ஷியலை. 88 அங்குல வண்டிகளில் 3.54 விகித டிஃபரென்ஷியல் பொருத்தினால் அதே வேகத்தில் சுழற்சி சுமார் 2,200 ஆகக் குறையும். ஆனால் மலை ஏறும் 40 மடங்கும் 30 மடங்காகிவிடும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும். வண்டிக்கு என்ன வேலை என்று முதலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஏற்றத்தை விட இறக்கம் முக்கியம்

என்ஜின் மாற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். உயிர் போகும் ஆபத்து இறங்கும்போதுதான். சீரிஸ் 3 வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சரக்கோடு மலையிறங்கும்போது தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளரும். முன்பு 50 கிலோமீட்டரில் இறங்கிய வண்டி, புது என்ஜின் தரும் துணிச்சலில் 80-ல் இறங்கும். நிறுத்த வேண்டிய ஆற்றல் அதனால் இரண்டரை மடங்கு கூடும். எனவே பிரேக் முழுவதையும் புதுப்பிக்கும் செலவு, முடிந்தால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடும் செலவு, என்ஜின் வாங்கும் முன்பே பட்ஜெட்டில் இடம்பெற வேண்டும்.

பெட்ரோலில் இருந்து டீசலுக்கு மாறுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடக் காற்று பெட்ரோல் என்ஜினில் இயல்பாகவே கிடைக்கும். டீசல் என்ஜினில் அதற்குத் தனி வாக்குவம் பம்ப் தேவை. அது இல்லாமல் போனால் மிதி கல் போல் இறுகிவிடும்.

எந்த என்ஜின்?

இத்தனைக்கும் விடை கண்ட பிறகே என்ஜினைத் தேட வேண்டும். நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஒரே குடும்பத்து என்ஜின். லேண்ட் ரோவரின் 2,495 சிசி டீசல் என்ஜின்கள் பழைய என்ஜினின் வழிவந்தவை. 200 டிடிஐ என்ஜினைச் சிறு மாற்றங்களோடு பழைய கியர் பெட்டியுடனேயே இணைத்துவிடலாம். டிஸ்கவரி வாகனத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் அதன் டர்போ தாழ்வாக அமைந்து அடிச்சட்டத்தில் இடிக்கும். அதை இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, லோரி என்ஜின். இசுசு 4ஜேபி1 என்ஜின் 2,771 சிசி. டர்போ இல்லாத வகை 80 குதிரைத்திறனுக்கு அருகில் தரும். டைமிங் பெல்ட் கிடையாது, பல்சக்கரம்தான். இதைத் தெரிந்த மெக்கானிக் நாடெங்கும் உண்டு. ஆனால் கியர் பெட்டியோடு இணைக்க அடாப்டர் தகடு கடைந்தெடுக்க வேண்டும். தகட்டின் மையம் துளி விலகினாலும் கியர் பெட்டியின் முன் பேரிங் சில மாதங்களில் தேய்ந்துவிடும். சில லோரி என்ஜின்களின் ஸ்டார்ட்டர் 24 வோல்ட் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது வழி, கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய காமன் ரெயில் டீசல். சக்தி அதிகம், புகை குறைவு. ஆனால் வயரிங், கணினிப் பெட்டி, சென்சார், சாவிப் பூட்டு அனைத்தும் ஒரே வண்டியிலிருந்து முழுமையாக வர வேண்டும். ஆற்றைக் கடக்கும் வண்டியில் ஒரு சென்சார் நனைந்தாலும் காட்டுக்குள் வைத்துப் பழுது பார்ப்பது கடினம்.

எந்த வழியானாலும் ஹாப்கட் கடையில் தரையில் கிடக்கும் என்ஜினை விட, ஓட்டிக் காட்டப்படும் என்ஜினே மேல். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

கிரானும் காப்பீடும்

வண்டியின் கிரானில் என்ஜின் எண், கொள்ளளவு, எரிபொருள் வகை ஆகியவை பதிவாகியுள்ளன. என்ஜின் மாறினால் இவையும் மாற வேண்டும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் விசாரித்து, அனுமதிக்கும் பரிசோதனைக்கும் என்னென்ன தேவை என்று கேட்டுக் கொள்வது அவசியம். வாங்கிய ரசீது, இறக்குமதிக்கான சுங்க ஆவணம், தெளிவான என்ஜின் எண் ஆகியவை இல்லாத என்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பதிவில் இல்லாத என்ஜினோடு விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

சாலை வரியையும் மறக்கக் கூடாது. தனியார் வாகனங்களுக்கு 2,500 சிசிக்கு மேல் வரி விகிதம் உயர்கிறது. 2,495 சிசி என்ஜின் பழைய பிரிவிலேயே நிற்கும். 2,771 சிசி அடுத்த பிரிவுக்குத் தாண்டிவிடும்.

டீசல் விலைக் கணக்கும் மாறிவிட்டது. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு உயர்ந்தது. பெட்ரோல் வண்டியை டீசலுக்கு மாற்றினால் பணம் மிச்சம் என்ற பழைய பேச்சை அப்படியே நம்பாமல், அன்றைய விலையை வைத்துப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

வேலையின் வரிசை

பட்ஜெட்டில் என்ஜின் விலை ஒரு வரி மட்டுமே. கிளட்ச், அடாப்டர், என்ஜின் தாங்கிகள், ரேடியேட்டர், புகைக்குழாய், டீசல் திரும்பும் குழாய், வயரிங், பிரேக், பரிசோதனைக் கட்டணம் ஆகியவை மற்ற வரிகள். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, மூன்றில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குவது விவேகம்.

பொருள்கள் அனைத்தும் கைக்கு வந்து, அளவுகள் எடுக்கப்பட்டு, அனுமதி விவரம் தெரிந்த பிறகே பழைய என்ஜினை இறக்க வேண்டும். அதுவரை வண்டி ஓடட்டும், வருமானம் வரட்டும். முதலில் பிரேக், பிறகு அச்சும் கியர் பெட்டியும், அதன் பின் என்ஜின், இறுதியில் பரிசோதனையும் கிரான் திருத்தமும் என்பதே பாதுகாப்பான வரிசை.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். 200 குதிரைத்திறன் கனவோடு பட்டறையில் கிடக்கும் வண்டி யாருக்கும் சோறு போடாது. பிரேக் பிடிக்கும், கிரானோடு பொருந்தும் 80 குதிரைத்திறன் வண்டி, காய்கறியையும் ஏற்றி, ஓட்டுநரையும் மாலையில் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.